ஸ்னாப்ஷாட்: எல்விஎம், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் மூன்றில் உங்களுக்கு எது?

ஒரு சர்வரில் 200 ஜிபி தரவு இருக்கிறது. அதை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கத் தொடங்குகிறீர்கள். வினாடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால்கூட அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க சர்வர் சும்மா இருக்காது, ஆட்கள் வேலை செய்துகொண்டுதான் இருப்பார்கள். ஆர்டர்கள் இருக்கும் ஃபோல்டர் 10 மணிக்கே நகலாகிவிட்டது, பண வரவு இருக்கும் ஃபோல்டர் 10.30க்குத்தான் நகலாகிறது என்று வைத்துக்கொள்வோம். 10.15க்கு ஒருவர் ஆர்டர் போட்டுப் பணமும் கட்டினால், நகலில் அவருடைய பணம் இருக்கும், ஆர்டர் இருக்காது. அந்த நகல் 10 மணிக் கணக்கும் இல்லை, 10.30 கணக்கும் இல்லை.

இதற்காக வந்ததுதான் ஸ்னாப்ஷாட். 'சரியாக 10 மணிக்கு இந்த டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும்' என்று கேட்டால் ஓரிரு வினாடியில் கொடுத்துவிடும். 200 ஜிபி என்றாலும் 2 டிபி என்றாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஏனென்றால் அந்தக் கணத்தில் எதுவும் நகலாவதில்லை. இனிமேல் மாறப்போகிற பகுதிகளை மட்டும் கவனித்துக்கொள்கிறது.

லினக்ஸில் இதைச் செய்யப் பல வழிகள் இருக்கின்றன. எல்விஎம் என்பது டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டும் கோப்பு முறைமைகள், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்புகள்; ஸ்னாப்ஷாட் வசதி அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றின் வசதிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்பிப்போகிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வேன்: ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு ஒரு கோப்பை மாற்றினால், பழைய தரவு எங்கே போகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எது வேகம், எது இடத்தைத் தின்னும், எது எப்போது கைவிடும் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

இரண்டு கணக்குப்பிள்ளைகள்

ஒரு கடையின் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்குப்பிள்ளை 40ஆம் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்றால், முதலில் அந்தப் பக்கத்தைத் தனி நோட்டில் பார்த்து எழுதிக்கொள்வார். அப்புறம் பேரேட்டில் அழித்துத் திருத்துவார். பழைய கணக்கு வேண்டும் என்று முதலாளி கேட்டால், மாறிய பக்கங்களை நோட்டிலிருந்தும் மாறாத பக்கங்களைப் பேரேட்டிலிருந்தும் எடுத்துக் காட்டுவார். ஒவ்வொரு பக்கத்தின் முதல் திருத்தத்துக்கும் அவருக்குக் கூடுதல் வேலை. நோட்டு தீர்ந்துபோனால் அதோடு சரி.

இரண்டாவது கணக்குப்பிள்ளை எதையும் அழிக்கமாட்டார். திருத்திய பக்கத்தைப் புதிய தாளில் எழுதுவார், முன்னால் உள்ள பொருளடக்கத்தில் '40க்கு இனி 213ஐப் பார்க்க' என்று மாற்றுவார். பழைய பொருளடக்கத் தாளைக் கிழிக்காமல் எடுத்து வைத்துவிட்டால் அதுதான் ஸ்னாப்ஷாட். பார்த்து எழுதும் வேலையே இல்லை. ஆனால் பழைய பொருளடக்கம் கையில் இருக்கும்வரை பழைய தாள்கள் எதையும் தூக்கிப்போட முடியாது.

எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட் முதல் கணக்குப்பிள்ளை. விண்டோஸில் உள்ள வால்யூம் ஷேடோ காப்பியும் இயல்பாக அப்படித்தான். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டும் இரண்டாவது கணக்குப்பிள்ளை. இந்த இரண்டாவது முறையை நெட்ஆப் நிறுவனம் தன் சேமிப்புக் கருவிகளுக்காக உருவாக்கிய வாஃபிள் என்ற கோப்பு முறைமையில் 1990களிலேயே பயன்படுத்தியது. 1994இல் அதை விளக்கும் கட்டுரையும் வந்தது. பெயரில் ஒரு குழப்பம் உண்டு: இரண்டு முறைகளையுமே 'காப்பி ஆன் ரைட்' என்றுதான் பலரும் சொல்வார்கள். இரண்டாவதைப் பிரித்துச் சொல்ல 'ரீடைரக்ட் ஆன் ரைட்' என்ற பெயர் இருக்கிறது. படிக்கும்போது எந்தப் பெயர் வந்தாலும், பழைய பக்கம் நகலாகிறதா, இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதலில் ஒரு பயிற்சிக் களம்

உங்கள் உண்மையான டிஸ்க்கில் கைவைக்க வேண்டாம். ஒரு வெற்றுக் கோப்பையே டிஸ்க் போலப் பயன்படுத்தலாம். பிடிஆர்எஃப்எஸ்ஸில் தொடங்குவது சுலபம் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

1. டிரங்கேட் கட்டளையால் 2 ஜிபி அளவுள்ள ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். அதன்மீது பிடிஆர்எஃப்எஸ்ஸை உருவாக்கும் எம்கேஎஃப்எஸ் கட்டளையை ஓட்டுங்கள். பிறகு லூப் விருப்பத்துடன் ஒரு காலி ஃபோல்டரில் மவுன்ட் செய்யுங்கள், அதாவது அந்த ஃபோல்டர் வழியாகத் திறக்கும்படி இணையுங்கள்.

2. அதற்குள் ஒரு சப்வால்யூம் உருவாக்குங்கள். 'வேலை' என்று பெயர் வைக்கலாம். சப்வால்யூம் என்பது பார்க்க ஃபோல்டர் மாதிரியே இருக்கும், ஆனால் அதற்கென்று தனிப் பொருளடக்கம் உண்டு. பிடிஆர்எஃப்எஸ்ஸில் சப்வால்யூமுக்குத்தான் ஸ்னாப்ஷாட் எடுக்க முடியும், சாதாரண ஃபோல்டருக்கு எடுக்க முடியாது. புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இது.

3. 'வேலை'க்குள் 500 எம்பி அளவில் ஏதாவது ஒரு கோப்பையும், நான்கு வரி எழுதிய ஒரு சின்ன உரைக் கோப்பையும் வையுங்கள். நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளும் சிங்க் கட்டளையை ஒருமுறை ஓட்டிவிட்டு, பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ் கட்டளை காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. இப்போது படிக்க மட்டுமான ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுங்கள். பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் ஸ்னாப்ஷாட் கட்டளையோடு 'ஆர்' விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். என்டர் தட்டிய கையோடு முடிந்துவிடும். யூசேஜை மறுபடி பாருங்கள். 500 எம்பி கூடியிருக்காது, கிட்டத்தட்ட அதே எண்தான் இருக்கும்.

5. உரைக் கோப்பில் ஒரு வரியை மாற்றுங்கள். பெரிய கோப்பை அழித்துவிடுங்கள். சிங்க் செய்து, சற்றுப் பொறுத்து யூசேஜைப் பாருங்கள். 500 எம்பி திரும்பி வந்திருக்காது.

இந்த ஐந்தாவது படியில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 'டிஸ்க் நிறைந்துவிட்டது, கோப்புகளை அழித்தேன், இடம் வரவில்லை' என்று வருகிற புலம்பலில் பெரும்பகுதி இதுதான். 'வேலை'யின் பொருளடக்கத்திலிருந்து அந்தக் கோப்பு போய்விட்டது. ஸ்னாப்ஷாட்டின் பொருளடக்கம் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஸ்னாப்ஷாட்டையும் அழித்தால்தான் இடம் வரும். அப்போதும் உடனே வராது. கட்டளை சட்டென்று முடிந்துவிடும், பின்னணியில் ஒரு துப்புரவு வேலை மெதுவாக நடந்து இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். அவசரத்தில் இருக்கும்போது இது தெரியாவிட்டால் பயந்துவிடுவோம்.

ஸ்னாப்ஷாட்டை அழிப்பதற்கு முன்னால் ஆறாவது படி ஒன்று பாக்கி இருக்கிறது. ஸ்னாப்ஷாட் ஃபோல்டருக்குள் போய் அந்த உரைக் கோப்பைத் திறந்து பாருங்கள். பழைய வரி அப்படியே இருக்கும். அதையும் பெரிய கோப்பையும் 'வேலை'க்குள் திரும்ப நகலெடுங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்பது என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். சாதாரண காப்பி கட்டளை போதும்.

பிடிஆர்எஃப்எஸ்: தினசரிப் பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

ஆரக்கிளில் இருந்த கிறிஸ் மேசன் 2007இல் பிடிஆர்எஃப்எஸ்ஸை அறிவித்தார். 2009இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.29 கெர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) அது சேர்ந்தது. இன்று ஓபன்சூசே என்ற லினக்ஸ் வகையிலும், 2020இல் வந்த ஃபெடோரா 33 முதல் ஃபெடோராவின் டெஸ்க்டாப் பதிப்புகளிலும் அதுதான் இயல்பான கோப்பு முறைமை. ஓபன்சூசேவில் ஸ்னாப்பர் என்ற கருவி, மென்பொருள் நிறுவுவதற்கு முன்னும் பின்னும் தானாகவே ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கும். அப்டேட்டுக்குப் பிறகு கணினி சரியாக எழும்பவில்லை என்றால், பூட் மெனுவிலேயே முந்தைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து உள்ளே வரலாம். லினக்ஸ் மின்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு டைம்ஷிஃப்ட் என்ற கருவி தெரிந்திருக்கும். அதில் இரண்டு பயன்முறைகள் உண்டு, பிடிஆர்எஃப்எஸ் முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் உண்மையான ஸ்னாப்ஷாட் கிடைக்கும். மற்றது ஆர்சிங்க் வழியாகக் கோப்புகளை நகலெடுக்கும் முறை.

மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சப்வால்யூமுக்குள் இன்னொரு சப்வால்யூம் இருந்தால், வெளியே உள்ளதன் ஸ்னாப்ஷாட்டில் உள்ளே இருப்பது வராது. அந்த இடத்தில் காலி ஃபோல்டர்தான் இருக்கும். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்து, தேவைப்படும் நாளில் காலி ஃபோல்டரைப் பார்ப்பது கொடுமை. அதனால் சப்வால்யூம் பட்டியலை ஒருமுறை எடுத்து, எதெல்லாம் தனியாக ஸ்னாப்ஷாட் எடுக்கப்பட வேண்டும் என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டு, மெய்நிகர் கணினிகளின் டிஸ்க் கோப்பு, டேட்டாபேஸ் கோப்பு மாதிரி இங்கும் அங்குமாகத் திருத்தப்படும் பெரிய கோப்புகள் பிடிஆர்எஃப்எஸ்ஸில் துண்டுதுண்டாகச் சிதறும். ஒவ்வொரு திருத்தமும் புதிய தாளுக்குப் போகிறது அல்லவா, அதன் விளைவு இது. இதைத் தவிர்க்க அந்த ஃபோல்டருக்கு மட்டும் காப்பி ஆன் ரைட்டை அணைக்க வழி இருக்கிறது, சிஎச்ஏடிடிஆர் கட்டளையில் கூட்டல் குறியோடு பெரிய எழுத்து 'சி'. ஆனால் அணைத்தால் அந்தக் கோப்புகளுக்குப் பிழை சரிபார்க்கும் செக்சம்மும் போய்விடும். அப்படிப்பட்ட ஃபோல்டர்களைத் தனிச் சப்வால்யூமாக வைத்து, அடிக்கடி ஸ்னாப்ஷாட் எடுக்காமல் விடுவது என் பழக்கம்.

மூன்று, மணிக்கொரு ஸ்னாப்ஷாட் என்று வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சப்வால்யூம்களுக்கு இட வரம்பு வைக்கும் குவோட்டாவையும் இயக்கிவிட்டு நூற்றுக்கணக்கில் ஸ்னாப்ஷாட் சேர்ந்தால், பழையதை அழிக்கும்போது கணினி திணறும். எத்தனை வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கையை முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஸ்னாப்பரில் அதற்கென்றே அமைப்பு இருக்கிறது.

எல்விஎம்: எக்ஸ்ட்4 வைத்திருப்பவர்களின் வழி

உங்கள் சர்வர் ஏற்கனவே, லினக்ஸில் பரவலாக உள்ள கோப்பு முறைமையான எக்ஸ்ட்4இல் ஓடிக்கொண்டிருக்கிறதா? எக்ஸ்ட்4க்குச் சொந்தமாக ஸ்னாப்ஷாட் கிடையாது. அதற்குக் கீழே எல்விஎம் இருந்தால், எல்விஎம் அந்த வேலையைச் செய்து கொடுக்கும். எல்விஎம் கோப்புகளைப் பார்ப்பதே இல்லை, பிளாக்குகள் எனப்படும் டிஸ்க் துண்டுகளை மட்டும் பார்க்கிறது. அதனால் மேலே எந்தக் கோப்பு முறைமை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

முதலில் விஜிஎஸ் கட்டளை கொடுத்து, வால்யூம் குரூப்பில், அதாவது எல்விஎம் வால்யூம்களுக்கு இடம் கொடுக்கும் தொகுப்பில், காலி இடம் இருக்கிறதா பாருங்கள். நிறுவும்போதே முழு இடத்தையும் ரூட்டுக்கு (லினக்ஸே இருக்கும் முதன்மை வால்யூம்) கொடுத்துவிட்டிருந்தால் ஸ்னாப்ஷாட் எடுக்க இடமிருக்காது. முதல் கணக்குப்பிள்ளைக்குத் தனி நோட்டு வேண்டும் என்றேன் இல்லையா, அந்த நோட்டுக்கான இடம்தான் இது.

இடம் இருந்தால், எல்விகிரியேட் கட்டளையில் ஸ்னாப்ஷாட் விருப்பத்தையும், நோட்டின் அளவையும், ஒரு பெயரையும், எந்த வால்யூம் என்பதையும் கொடுங்கள். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் என்றால் அந்தக் கணத்தில் கோப்பு முறைமை தானாகவே ஒரு நொடி உறைந்து, நினைவகத்தில் இருந்ததை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, பிறகு தொடரும். கிடைத்த ஸ்னாப்ஷாட்டை வேறொரு ஃபோல்டரில் படிக்க மட்டுமாக மவுன்ட் செய்து, அங்கிருந்து நிதானமாக பேக்கப் எடுக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் என்றால் மவுன்ட் ஆகாமல் அடம்பிடிக்கும், ஒரே அடையாள எண் கொண்ட இரண்டு கோப்பு முறைமைகளை அது ஏற்காது. நோயூயூஐடி என்ற விருப்பத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

பேக்கப் முடிந்ததும் எல்விரிமூவ் கொடுத்து ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடுங்கள். இது முக்கியம். எல்விஎம் ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை, ஒவ்வொரு பிளாக்கும் முதல் முறை மாறும்போது பழையதைப் படி, நோட்டில் எழுது, அப்புறம் புதியதை எழுது என்று மூன்று வேலை நடக்கிறது. இரண்டு ஸ்னாப்ஷாட் இருந்தால் இரண்டு நோட்டிலும் எழுத வேண்டும். டேட்டாபேஸ் சர்வரில் இந்த மந்தம் கண்கூடாகத் தெரியும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பெரிய மென்பொருள் அப்டேட்டுக்கு முன்னால் 5 ஜிபி அளவில் எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தேன். அப்டேட்டில் மாறப்போவது 1 ஜிபிகூட இருக்காது, 5 தாராளம் என்று கணக்கு. இரவு 2 மணிக்கு டேட்டாபேஸின் வழக்கமான பராமரிப்பு வேலை ஓடி, ஒரு பெரிய டேபிளை முழுக்கப் புதிதாக எழுதியது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சனிக்கிழமை காலை அப்டேட்டில் கோளாறு என்று தெரிந்து, பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று எல்விஎஸ் கட்டளை கொடுத்தால், ஸ்னாப்ஷாட் 100 சதவீதம் நிறைந்து 'செல்லாது' என்ற குறியோடு நின்றது. நோட்டில் இடம் தீர்ந்தால் எல்விஎம் அசல் வால்யூமைக் காப்பாற்றும், ஸ்னாப்ஷாட்டை முழுதாகக் கைவிட்டுவிடும். பாதியாவது மீட்கலாம் என்பதற்கு வழியே இல்லை. முந்தைய இரவு எடுத்த சாதாரண பேக்கப் ஒன்று இருந்ததால் மாலைக்குள் மீண்டோம்.

அன்றிலிருந்து மூன்று காரியங்களை விடாமல் செய்கிறேன். மாறக்கூடிய அளவைக் கணக்கிடும்போது, அந்த நேரத்தில் தானாக ஓடப்போகும், நேரம் குறித்துவைத்த கிரான் வேலைகளையும் பட்டியலிடுகிறேன். எல்விஎம் அமைப்புக் கோப்பில் ஸ்னாப்ஷாட் தானாக வளரும் வரம்பை மாற்றிவிடுகிறேன். அதன் இயல்பான மதிப்பு 100, அதாவது தானாக வளராது என்று அர்த்தம். 70 என்று வைத்தால், 70 சதவீதம் நிறையும்போதே வளரத் தொடங்கும், வால்யூம் குரூப்பில் காலி இடம் இருக்கும்வரை. அப்புறம், எல்விஎஸ் காட்டும் தரவுச் சதவீதத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்து, பழைய நிலைக்கே திரும்ப வேண்டும் என்றால் எல்விகன்வர்ட் கட்டளையில் மெர்ஜ் விருப்பம் கொடுக்க வேண்டும். ரூட் வால்யூம் போலப் பயன்பாட்டில் இருப்பது என்றால் அடுத்த முறை கணினி எழும்பும்போதுதான் மெர்ஜ் தொடங்கும். முடிந்ததும் ஸ்னாப்ஷாட் காணாமல் போய்விடும், அதுதான் இயல்பு.

எல்விஎம்மில் தின் வகை என்று இன்னொன்றும் இருக்கிறது. அதில் ஸ்னாப்ஷாட்டுகள் தின் பூல் என்ற பொது இடத்திலிருந்து பிளாக்குகளைப் பகிர்ந்துகொள்கின்றன, தனித்தனி நோட்டு இல்லை. நிறைய ஸ்னாப்ஷாட் வேண்டும் என்றால் அதுதான் நல்லது. ஆனால் அந்தத் தின் பூல் நிறைந்தால் ஸ்னாப்ஷாட் மட்டுமல்ல, அதிலுள்ள எல்லா வால்யூம்களுமே பாதிக்கப்படும். கண்காணிப்பு ஏற்பாடு இல்லாமல் தின் பூல் வைக்காதீர்கள்.

இசட்எஃப்எஸ்

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரென்ஸ் குழு உருவாக்கியது இது. 2005இல் ஓபன்சோலாரிஸ் வழியாகத் திறந்த மூலமாக வந்தது. அதன் உரிமமும் லினக்ஸ் கெர்னலின் உரிமமும் ஒத்துப்போகாததால் இன்றுவரை கெர்னலுக்குள் அது இல்லை, தனியாக நிறுவ வேண்டும். உபுன்டு 16.04 முதல் தன் பதிப்போடு சேர்த்தே தருகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் பல ஆண்டுகளாகவே இருக்கிறது.

பயிற்சிக்கு இங்கேயும் ஒரு கோப்பை டிஸ்க்காக வைத்துப் பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்த சேமிப்பிடம்) உருவாக்கலாம், அந்தக் கோப்பின் முழுப் பாதையையும் கொடுக்க வேண்டும். அதற்குள் டேட்டாசெட் ஒன்றை உருவாக்குங்கள், பிடிஆர்எஃப்எஸ்ஸின் சப்வால்யூம் போன்றது அது. ஸ்னாப்ஷாட்டின் பெயர், டேட்டாசெட் பெயருக்குப் பிறகு 'அட்' குறி போட்டு எழுதப்படும். எடுத்த ஸ்னாப்ஷாட்டை மவுன்ட் செய்யவே தேவையில்லை. டேட்டாசெட்டின் மேல்மட்டத்தில் புள்ளியில் தொடங்கும் 'இசட்எஃப்எஸ்' என்ற மறைந்த ஃபோல்டர் இருக்கும், அதற்குள் ஸ்னாப்ஷாட் என்ற ஃபோல்டரில் ஒவ்வொன்றும் பெயரோடு நிற்கும். எல்எஸ் கொடுத்தால்கூடக் கண்ணில் படாது, ஆனால் சிடி கொடுத்தால் உள்ளே போகலாம்.

இசட்எஃப்எஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு பிளாக்கை விடுவிக்கலாமா என்று அது முடிவெடுக்கும் விதம். ஒவ்வொரு பிளாக்கும் எப்போது பிறந்தது என்ற எண் அதைச் சுட்டும் இடத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஒரு பிளாக்கை அழிக்கும்போது, கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு பிறந்ததா என்று பார்க்கிறது. ஆம் என்றால் எந்த ஸ்னாப்ஷாட்டுக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, உடனே விடுவித்துவிடலாம். முன்பே பிறந்தது என்றால், ஒரு பட்டியலில் போட்டுவைக்கிறது. ஓர் எண்ணை இன்னோர் எண்ணோடு ஒப்பிடுவதோடு வேலை முடிந்தது. ஸ்னாப்ஷாட் எண்ணிக்கை கூடினாலும் எழுதும் வேகம் அதனால் குறையாமல் இருப்பதற்கு இது பெரிய காரணம்.

இடக் கணக்கில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, இரண்டிலும் இருக்கிற 500 எம்பி கோப்பை அழித்துப் பாருங்கள். ஸ்னாப்ஷாட் பட்டியலில் 'யூஸ்டு' என்ற பத்தியில் இரண்டுக்கும் சின்ன எண்தான் காட்டும். அந்த 500 எம்பி எங்கே போனது? அந்தப் பத்தி, அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டிடம் மட்டும் இருக்கிற தரவைத்தான் சொல்லும். இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது யார் கணக்கிலும் வராது. ஒன்றை அழித்தால், மற்றதன் எண் சட்டென்று 500 எம்பிக்கு ஏறும். மொத்தம் எவ்வளவு என்று அறிய டேட்டாசெட்டின் 'யூஸ்டுபைஸ்னாப்ஷாட்ஸ்' மதிப்பைப் பாருங்கள். அழித்தால் எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டியே அறிய, டிஸ்ட்ராய் கட்டளையோடு 'என்', 'வி' இரண்டையும் சேர்த்து ஓட்டினால் எதையும் அழிக்காமல் கணக்கை மட்டும் சொல்லும். அந்த இரண்டு எழுத்தையும் விடாமல் அடியுங்கள்.

ரோல்பேக் கட்டளையிலும் கவனம் வேண்டும். நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், அதற்குப் பிறகு எடுத்த ஸ்னாப்ஷாட்டுகள் எல்லாம் அழியும். இசட்எஃப்எஸ் முதலில் மறுக்கும், 'ஆர்' விருப்பம் கொடுத்தால் செய்துவிடும். ஒன்றிரண்டு கோப்புகள் மட்டும் வேண்டும் என்றால் ரோல்பேக் வேண்டாம், மறைந்த ஃபோல்டரிலிருந்து நகலெடுத்தால் போதும்.

ஸ்னாப்ஷாட் போலத் தெரியும் மற்றவை

ஆர்சிங்க்கில் லிங்க்டெஸ்ட் விருப்பம் போட்டுத் தினமும் நகலெடுப்பதைச் சிலர் ஸ்னாப்ஷாட் என்கிறார்கள். மாறாத கோப்புகளுக்கு ஹார்டு லிங்க் (அதே தரவுக்கு இன்னொரு பெயர்) போட்டு இடத்தை மிச்சம்பிடிக்கும் நல்ல உத்திதான், எந்தக் கோப்பு முறைமையிலும் ஓடும், வேறு டிஸ்க்குக்கும் போகும். ஆனால் அது ஒவ்வொரு கோப்பாக நடந்துபோய் எடுக்கிறது, ஆகவே தொடக்கத்தில் சொன்ன 10.15 ஆர்டர் சிக்கல் அப்படியே இருக்கும். ஸ்னாப்ஷாட் எடுத்து, அதன்மேல் ஆர்சிங்க் ஓட்டினால் இரண்டின் நன்மையும் கிடைக்கும்.

ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் நகல் வேண்டும் என்றால், காப்பி கட்டளையில் ரிஃப்லிங்க் விருப்பம் கொடுங்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் 40 ஜிபி டிஸ்க் கோப்புகூட நொடியில் நகலாகும். எக்ஸ்ட்4இல் இது கிடையாது.

விண்டோஸில் 'முந்தைய பதிப்புகள்' என்று வருவது ஷேடோ காப்பியின் வேலை. மேக்கில் 2017இல் ஏபிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வந்த பிறகு, டைம் மெஷின் என்ற பேக்கப் கருவி உள்ளூர் ஸ்னாப்ஷாட்டுகளையும் வைத்துக்கொள்கிறது.

டேட்டாபேஸ் இருந்தால்

ஸ்னாப்ஷாட்டில் டேட்டாபேஸ் எப்படித் தெரியும் என்றால், அந்தக் கணத்தில் கரண்ட் போனால் டிஸ்க்கில் எப்படி இருக்குமோ அப்படி. போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி போன்றவை கரண்ட் போனாலும் எழுந்து நிற்கும்படி கட்டப்பட்டவை. மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் லாகைப் படித்துத் தாங்களே சரிசெய்துகொள்ளும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய வகையான மைஐசாம் டேபிள்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை, ஸ்னாப்ஷாட் எடுக்கும் நொடியில் அவற்றைப் பூட்டிவைக்க வேண்டும்.

இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது, பலர் இதில்தான் வழுக்குகிறார்கள். தரவும் லாகும் ஒரே கணத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். வேகத்துக்காக லாகைத் தனி லாஜிக்கல் வால்யூமில் வைத்திருந்தால், எல்விஎம்மில் இரண்டுக்கும் தனித்தனியாக ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டியிருக்கும், நடுவில் இடைவெளி விழும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் தனித்தனிச் சப்வால்யூம்களில் வைத்தாலும் இதே கதி. இசட்எஃப்எஸ்ஸில் மட்டும், தாய் டேட்டாசெட்டின்மேல் 'ஆர்' விருப்பத்தோடு ஸ்னாப்ஷாட் எடுத்தால் உள்ளே உள்ள எல்லா டேட்டாசெட்டுகளும் ஒரே கணத்தில் பதிவாகும். டேட்டாபேஸ் சர்வருக்கு நான் இசட்எஃப்எஸ்ஸைச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சரி, எதை எடுப்பது?

ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்ட்4 சர்வரைப் பிரித்துப்போட வேண்டாம். எல்விஎம்மையே வையுங்கள், ஸ்னாப்ஷாட்டைச் சில மணி நேரத்துக்கு மட்டும் வைத்திருங்கள், பேக்கப் எடுத்ததும் நீக்குங்கள். வாரக்கணக்கில் வைத்திருக்க அது ஏற்றதல்ல. வீட்டில் ஒரு மடிக்கணினி, அப்டேட் கெடுத்துவிட்டால் நேற்றைக்குத் திரும்ப வேண்டும் என்றால் பிடிஆர்எஃப்எஸ்ஸும் ஸ்னாப்பர் அல்லது டைம்ஷிஃப்ட்டும். பல டிஸ்க்குகள் கொண்ட சேமிப்புப் பெட்டி, மணிக்கொரு ஸ்னாப்ஷாட், பல மாதம் வைத்திருக்க வேண்டும் என்றால் இசட்எஃப்எஸ்.

எதை எடுத்தாலும் ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. மாறாத பக்கங்கள் எல்லாம் அசலோடு பகிர்ந்துகொண்டவை. டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். நிர்வாகி உரிமையோடு உள்ளே வரும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) பெரும்பாலும் ஷேடோ காப்பிகளையும் அழித்துவிடும். அதனால் ஸ்னாப்ஷாட் வெளியே போக வேண்டும். பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் இசட்எஃப்எஸ்ஸிலும் சென்ட், ரிசீவ் என்ற கட்டளைகள் இதற்கே இருக்கின்றன. முதல் முறை முழு ஸ்னாப்ஷாட்டும் போகும், அடுத்த நாளிலிருந்து இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு இடையே மாறியது மட்டும் போகும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் சென்ட் செய்ய ஸ்னாப்ஷாட் படிக்க மட்டுமானதாக இருக்க வேண்டும், பயிற்சியில் 'ஆர்' விருப்பம் போடச் சொன்னது இதையும் மனதில் வைத்துத்தான். அனுப்பிய கடைசி ஸ்னாப்ஷாட்டை இரண்டு பக்கமும் அழிக்காமல் வையுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த முறை மறுபடி முழுவதும் அனுப்ப வேண்டிவரும்.

பயிற்சிக் களத்தில் கடைசியாக இதையும் செய்து பாருங்கள். இன்னொரு 2 ஜிபி கோப்பில் இரண்டாவது பிடிஆர்எஃப்எஸ் உருவாக்கி, உங்கள் ஸ்னாப்ஷாட்டை அங்கே அனுப்புங்கள். பிறகு முதலாவதை அன்மவுன்ட் செய்து, அந்தக் கோப்பையே அழித்துவிடுங்கள். இரண்டாவதிலிருந்து அந்த நான்கு வரி உரைக் கோப்பைத் திறந்து படியுங்கள். இதைப் பயிற்சியில் ஒருமுறை செய்து முடித்த பிறகு உண்மையான சர்வருக்குப் போங்கள்.